சங்கிரக சிரோமணி

சங்கிரக சிரோமணியின் கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குகிற காலத்தில் அவர் வீட்டுக்குப் போனவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. ஆனால் அந்தக் காயைப் போட்டுக்கொண்டு போக ஒரு பையோடு திரும்பியவரும் இல்லை. பை இல்லாத குறையினாலன்று. கடலூர் முதுநகரில் உள்ள அவருடைய வீட்டு ரேழியிலும், கூடத்திலும், பரணிலும், கட்டிலின் மேலும் அடியிலும், பைக்குள் பையாகத் திணித்துத் திணித்து, கல்யாணங்களில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பைகள் மாத்திரமே நூற்றுக்கணக்கில் இருக்கும்.

கேட்ட மாத்திரத்தில் மனுஷர், "பைக்கா பஞ்சம், தம்பி?" என்று மிகுந்த உற்சாகத்தோடு எழுந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து, முதலில் கைக்கு அகப்பட்ட பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன்மேல் அச்சிட்டிருக்கிற மணமக்கள் பெயரையும், தேதியையும், மண்டபத்தையும் சஹஸ்ரநாம பாராயணம்போல் ஓர் அட்சரம் விடாமல் வாசிப்பார். "இது சிதம்பரம் கீழவீதிக் கல்யாணம். ஆனித் திருமஞ்சனக் கூட்டம் வேறு. ரயிலில் நிற்க இடமில்லை. சாம்பாரில் உப்பு ஒரு கல் தூக்கல். மாப்பிள்ளை இப்போது துபாயில் இருக்கிறான்" என்று வம்ச சரித்திரத்தையும் சொல்லி முடித்துவிட்டு, "இது வேண்டாம், வேறு தருகிறேன்" என்று அதை நான்காக மடித்து உள்ளே வைத்துவிடுவார். இரண்டாவது பைக்குரிய தம்பதிகள் ஆறு மாசத்திலேயே கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துவிட்டபடியால், அந்தக் கல்யாணம் நடந்ததற்குப் பையைத் தவிர வேறு அத்தாட்சி உலகத்தில் இல்லை, அதைக் கொடுப்பதற்கில்லை. மூன்றாவதில் 'நல்வரவு' என்பது 'நல்வரவ' என்று அச்சாகியிருக்கிறது. பிழையுள்ள தபால்தலைக்குத்தானே சந்தையில் விலை அதிகம்? நான்காவதைக் கொடுத்தால் ஜோடி உடைந்துவிடும், ஏனெனில் கல்யாணத்துக்குத் தம்பதி சமேதராகப் போய்த் தமக்கொன்றும் அம்மாளுக்கொன்றுமாக இரண்டு பை வாங்கி வருவது அவர் வழக்கம். ஐந்தாவது பையின் காது தையல் விட்டிருக்கிறது. அதைக் கொடுப்பது கௌரவமாகாது என்பார். தைப்பதும் இல்லை, எறிவதும் இல்லை. இதற்குள் அம்மாள் கொல்லைப்பக்கம் போய் வாழைநார் கிழித்துவந்து, முருங்கைக்காயை ஒரு கட்டாகக் கட்டி என் கையில் கொடுத்து, "நீங்க கிளம்புங்க தம்பி, இருட்டிடும்" என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பைகளுக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் உண்டு. அதில் வரவுக்கு ஒரு பத்தி, செலவுக்கு ஒரு பத்தி. வரவுப் பத்தி நிரம்பி வழிய, செலவுப் பத்தி வெகு காலமாக நிர்மலமாகவே இருந்து வந்தது. காடாத் துணியில் சிவப்பெழுத்து அச்சிட்ட மஞ்சள் பை ஆதி யுகம். பளபளக்கும் பிளாஸ்டிக் பை மத்திம யுகம். துணியிலும் சேராத, காகிதத்திலும் சேராத இக்காலத்துப் பை கலியுகம் என்பது அவருடைய கால நிர்ணயம். 2019 ஜனவரி முதல் தேதியன்று தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டபோது, மத்திம யுகத்தின் மதிப்பு ஒரே நாளில் உயர்ந்துவிட்டதாக அறிவித்தார். 2021 டிசம்பரில் அரசாங்கத்தார் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கமே தொடங்கியபோது அவருக்கு உண்டான ஆனந்தத்தை வர்ணிப்பது எளிதன்று. தாம் தன்னந்தனியராக இத்தனை வருஷங்கள் நடத்திய தபசுக்கு ராஜாங்கமே இறங்கிவந்து வரமளித்துவிட்டது என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு போனார். அன்று மாலையே மார்க்கெட்டிலிருந்து அரை கிலோ கத்தரிக்காயை வேஷ்டி மடியில் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தவரை வழிமறித்து, "ஐயா, மஞ்சப்பை எங்கே?" என்று கேட்டேன். "அழுக்காகிவிடாதா, தம்பி?" என்றார்.

பையைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டதால் மற்றவற்றை விட்டுவிடுகிறேன். உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஆணிகள், மூடியில்லாத ஹார்லிக்ஸ் பாட்டில்கள், பாட்டிலில்லாத மூடிகள் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். போகிப் பண்டிகையன்று ஊரார் பழையதைக் கழிக்க, இவர் மட்டும் விடியுமுன் தெருவெல்லாம் உலா வந்து, எரிகிற குவியல்களிலிருந்து பாதி கருகிய பாய்களை மீட்டுக்கொண்டு வருவார் என்பதை மாத்திரம் குறிப்பிடாமல் போக மனமில்லை.

அவரைக் குப்பை சேர்ப்பவர் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கோபம் வந்துவிடும். "ஐயரவர்கள் ஊரூராய் அலைந்து ஏடு சேர்க்கவில்லையா? கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்க்கவில்லையா? அவற்றைக் குப்பை என்பீர்களா?" என்று கேட்பார். கேள்வி நியாயமானது. பண்டத்தைப் பார்த்து இன்னது ரத்தினம், இன்னது குப்பை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். தாம்பூலப் பையிலிருந்தும் ஒருவர் ஒரு ஜில்லாவின் சமூக சரித்திரத்தை எழுதலாம். ஆனால் உ. வே. சாமிநாதையர் சேர்த்த ஏடுகள் 1887-இல் சீவக சிந்தாமணியாகவும், 1892-இல் சிலப்பதிகாரமாகவும், 1894-இல் புறநானூறாகவும் அச்சேறி, காசு கொடுத்த எவன் கைக்கும் போய்ச் சேர்ந்தன. அவருடைய ஏடுகளுக்கும் புஸ்தகங்களுக்கும் அவர் காலமான மறு வருஷம், 1943-இல், ஒரு நூல்நிலையமே ஏற்பட்டது. முத்தையா 1992-இல் மறைந்த பிறகு அவருடைய திரட்டைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வாங்கினார்கள் என்றாலும் அது கடல் கடந்து போய்விடவில்லை. சென்னையில் அவர் பேராலேயே நூலகமாக இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். மேஜையில் வைத்துப் படிக்கலாம். நம் சிரோமணியிடம் கேட்டால் சாம்பாரின் உப்பைப் பற்றித்தான் தெரிந்துகொள்ளலாம்.

இவருக்குச் சரியான பூர்வீகத்தை ஐயரவர்களிடம் தேடுவானேன்? ஐயரவர்கள் 1924 முதல் சில வருஷம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் தலைவராக இருந்த அதே சிதம்பரத்தில், பொன்னம்பலத்துக்குப் பின்புறமாக, பூட்டி முத்திரையிட்ட ஓர் அறை இருந்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்லுகிறது. தேவார ஏடுகள் அதற்குள் இருக்கின்றன என்று நம்பியாண்டார் நம்பி சொல்ல, சோழ மன்னன் வந்து கேட்க, அதைப் பூட்டிய தேவார மூவரும் நேரில் வந்தாலன்றித் திறப்பதற்கில்லை என்று காவலர்கள் சொல்லிவிட்டார்கள். மன்னன் மூவருடைய திருவுருவங்களையும் ஊர்வலமாக எழுந்தருளப் பண்ணிக் கதவைத் திறந்து பார்த்தால், ஏட்டின்மேல் புற்று வளர்ந்திருந்தது. எண்ணெய் சொரிந்து செல்லைக் கரைத்து எடுத்தவைபோக மிச்சமெல்லாம் மண். பாடப்பட்டதாகப் புராணம் சொல்லும் பதிகங்கள் லட்சத்துக்கு மேல். இன்று நாம் ஓதுவதோ 800-க்கும் குறைவு. நாயன்மார் மூவர் வாக்கையே செல்லுக்குக் கொடுத்த பாதுகாப்பு எப்படிப்பட்ட பாதுகாப்பு என்று சிரோமணியை ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் சிறிதும் கலங்காமல், "அவர்கள் பூட்டியே வைத்துவிட்டார்கள், தம்பி, நான் பெட்டியைத் தினமும் திறக்கிறேனே!" என்றார். உள்ளேயிருந்து அம்மாள், "பெட்டியைத் திறந்து என்ன? உங்களைத் திறக்க எந்த மூவர் வரணும்?" என்றார்கள்.

அந்த அம்மாளை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. முழங்கால் வலிக்காரர், கட்டில்மேல் மூட்டைகள் சயனித்திருப்பதால் ரேழியில் பாய்போட்டுப் படுக்கிறவர். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பைகளும் பழைய பத்திரிகைக் கட்டுகளும்தாம் மேலே மேலே ஏற்றப்பட்டன; அம்மாள் இரவு முழுவதும் அடுப்பு மேடையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உயிருள்ள ஒரு மனுஷிக்குப் படுக்க இடமில்லாத வீட்டில் எவனோ ஒருவன் கல்யாணத்துப் பைக்கு இடமிருப்பது அக்கிரமம். இதை அவர் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன்.

இருந்தாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கரை கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, ஊர் முழுவதும் மின்சாரமின்றிக் கிடந்த நாட்களில், குப்பங்களுக்கு அரிசியும் மெழுகுவர்த்தியும் கட்டிக் கொடுக்கப் பையில்லாமல் தெருப் பையன்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வாசித்து, ஜோடியில் ஒன்றை இருத்திக்கொண்டு ஒன்றைக் கொடுத்து, மூன்று பெட்டிகளைப் பாதியாகக் காலி செய்து கொடுத்துவிட்டார். கொடுக்கையில் அவர் கை நடுங்கியதைப் பார்த்தவன் நான். மூட்டைகள் தெருமுனை தாண்டுகிற சமயத்தில்தான் ஓடிவந்து, "அரிசியைக் கொட்டிக்கொண்டதும் பையைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்!" என்று கூவினார்.

சென்ற தை மாசத்தில் அவருக்குத் திடீரென்று வைராக்கியம் வந்தது. பைகளை அவற்றில் பெயருள்ள தம்பதிகளிடமே ஒப்படைத்துவிடப் போவதாகச் சொல்லி, முதற்காரியமாகத் துபாய் மாப்பிள்ளையின் மாமனார் வீட்டுக்கு, அந்தக் கீழவீதிப் பையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினார். அங்கே பேரனுக்குக் காது குத்து. பதினைந்து வருஷத்துக்கு முந்திய பையைக் கண்டு அவர்கள் பரவசப்பட்டுப் போய், உட்காரவைத்து இலை போட்டு, போகும்போது தாம்பூலமும் கொடுத்தனுப்பினார்கள்: அவருக்கு ஒரு பை, வர முடியாமற்போன அம்மாளுக்கு ஒரு பை. ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, வரவில் இரண்டும் செலவில் ஒன்றும் எழுதி, கூட்டல் சரியாயிருக்கிறதா பார் என்று என்னிடம் நீட்டினார்.