தேறும் வாரம்

நாலைந்து வாரம் கடுமையாகப் பளு தூக்கியவர் ஒரு வாரம் எடையையும் செட்டையும் குறைத்துக்கொள்ள வேண்டும், தசையும் மூட்டும் தேறும் என்பது ஜிம் சாஸ்திரம். பெயர் ‘டிலோட்’. கோட்டூர்புரத்து அன்பர் ஒருவர் இதைச் செம்மைப்படுத்திவிட்டார். தேறுவதுதானே நோக்கம், முதல் நாலு வாரம் எதற்கு? ஆண்டுச் சந்தா கட்டிய மறுநாளே டிலோட். என்ன கட்டுப்பாடு! இன்றுவரை ஒருநாள்கூட மீறியதில்லை. காலையில் அடையாற்றுப் பாலத்தில் ஓடுகிறவர்களைப் பால்கனியிலிருந்து, கையில் புரோட்டீன் ஷேக்குடன், கவலையாகப் பார்ப்பார்: பாவம், முழங்கால் என்னாவது!

நேற்று அபார்ட்மென்ட் லிஃப்ட் பழுது. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து 3 மாடி ஏறிவந்த தம்பி, “சார், காலி கேனை மட்டும் கீழ கொண்டாந்துருங்களேன்” என்றான்.

அன்பர் பதறினார். “இந்த வாரம் பாதி எடைதாம்ப்பா. அரைக் கேன் இருந்தா குடு.”