எளிய தமிழில் கிளவுட்

கிளவுட் என்றால் என்ன என்று இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுவேன். போன சனிக்கிழமை மாமிக்குக் கொடுத்த வாக்கு அது. அன்றைக்கு முடியவில்லை, குக்கியிலேயே நின்றுவிட்டோம்.

மாமி ஈஸ்ட் ஹாமில் இருக்கிறா. வயது 76. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் 28 வருடம் பேரேடு எழுதியவ. கணக்கு ஐந்து சதம் உதைத்தாலும் பிடிக்காமல் வீட்டுக்குப் போகாத ஆள். அப்படிப்பட்டவவை இப்போது எல்லாரும் ‘ஒன்றும் தெரியாதவர்’ வரிசையில் நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். காரணம் முழங்கால். முன்பெல்லாம் டொக்டரின் இடத்துக்குப் போன் எடுத்தால் ஒரு பெண் இருமிக்கொண்டே, “செவ்வாய் பத்து மணிக்கு வாங்கோ” என்கிற மாதிரி ஏதோ சொல்லுவா. இப்போது ஒன்லைனில் படிவம் நிரப்பட்டாம். படிவத்துக்கு முன்னால், திரையில் முக்கால்வாசியை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி.

“தம்பி, இவை குக்கி தரட்டோ எண்டு கேக்கினம். எனக்குச் சீனி வருத்தம் எண்டு இவைக்குத் தெரியாதோ? இவைதானே குளிசை தாறவை?”

“அக்செப்டை அமத்துங்கோ மாமி” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம். நீங்களும் நானும் ஒரு நாளைக்கு இருபது தரம் அதைத்தானே செய்கிறோம்? ஆனால் நான் விளக்க வெளிக்கிட்டேன். கொம்பியூட்டர் அரைகுறையாகத் தெரிந்த எல்லாருக்கும் இருக்கிற வியாதி இது. ஹார்ட் டிஸ்க் அலுமாரி, ரேம் மேசை, வைரஸ் தடிமன். நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள், மறுக்க வேண்டாம்.

முதலில் தமிழால் முயன்றேன். “குக்கிக்குத் தமிழிலை ‘நினைவி’ எண்டு சொல்லுவினம் மாமி.”

“ஆர் செத்தது?”

லண்டனில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு ‘நினைவு’ என்று தொடங்குகிற எதுவும் படத்தோடும் குத்துவிளக்கோடும்தான் வரும். மாமியில் பிழையில்லை.

பிறகு சரித்திரத்துக்குப் போனேன். 1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை செய்த லூ மொன்ருலி செய்த வேலை இது. இணையதளம் உங்கள் கொம்பியூட்டரில் ஒரு சின்னக் குறிப்பை வைத்துவிடும். அடுத்த முறை போகும்போது அதைப் பார்த்து ஆளை மட்டுக்கட்டும். புரோகிராமர்கள் ஏற்கெனவே ‘மஜிக் குக்கி’ என்று ஒன்றைச் சொல்லிவந்தார்கள், பெயர் அங்கிருந்து வந்தது.

“அமெரிக்கன் வைச்ச பேரோ? இங்கை அதுக்கு பிஸ்கட் எண்டெல்லோ சொல்லுறது.”

இந்த இடத்தில் எனக்கே கோபம் வந்துவிட்டது. பிஸ்கட்டுக்கும் கொம்பியூட்டருக்கும் சம்பந்தம் பேச உரிமையுள்ள ஊர் என்றால் அது லண்டன்தான். தேத்தண்ணிக் கடைகள் நடத்திய லயன்ஸ் கொம்பனி, ஹமர்ஸ்மித்தில் இருந்த தன் கேட்பி ஹோலில், ‘லியோ’ என்று சொந்தமாகவே ஒரு கொம்பியூட்டர் செய்தது. கிட்டத்தட்ட 6,000 வால்வுகள். 1951இல் அதற்குக் கொடுத்த முதல் அன்றாட வேலை பேக்கரிக் கணக்கு. வியாபாரத்துக்கென்று உழைத்த உலகின் முதல் கொம்பியூட்டர் பாணுக்கும் கேக்குக்கும் விலை பார்த்திருக்கிறது!

“உதுக்கு ஆறாயிரம் வால்வோ?” என்றா மாமி. “என்னட்டைத் தந்திருந்தால் ஒரு கொப்பியிலை முடிச்சிருப்பன்.”

சரி, உவமைக்கு நல்லூர்க் கோயிலுக்குப் போவோம் என்று முடிவெடுத்தேன். “மாமி, திருவிழாவுக்குப் போய் சைக்கிளைப் பாதுகாப்பு நிலையத்திலை விட்டால் ஒரு துண்டு தருவாங்கள் எல்லோ? அதே நம்பர் ஹாண்டிலிலையும் தொங்கும். திரும்பி வந்து துண்டை நீட்டினால், இது இன்னாற்றை சைக்கிள் எண்டு தெரியும். அந்தத் துண்டுதான் குக்கி.”

எனக்கு அதில் மெத்தப் பெருமை. மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

“துண்டுக்கு ஏன் என்னட்டைச் சம்மதம் கேக்கினம்?”

2011 முதல் இந்த நாட்டில் பெரும்பாலான குக்கிகளைக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் என்றேன். கேட்கத்தான் கேட்கிறார்கள். ‘ஓம்’ பெரிய பச்சைப் பொத்தானில் இருக்கும்; ‘வேண்டாம்’ சாம்பல் எழுத்தில், கண் வெட்டுவித்தவர்கள் கவனிக்காத இடத்தில் இருக்கும்.

“அதை விடுங்கோ. துண்டை நான் சைக்கிள்காரனுக்குத்தானே காட்டவேணும்? கச்சான்காரி எப்பிடிப் பாத்தவ?”

“எந்தக் கச்சான்காரி?”

“போன கிழமை ஒரு கடையிலை முழங்கால் பட்டி பாத்தனான். வாங்கேல்லை, விலை கூட. அண்டையிலையிருந்து திருப்புகழ் கேட்டாலும் பட்டி வருது, சமையல் பாத்தாலும் பட்டி வருது. சைக்கிள் விட்ட இடத்திலை தந்த துண்டைப் பாத்திட்டு, வீதியிலை இருக்கிற கச்சான்காரியெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலை வந்தால் நான் என்ன செய்யிறது?”

மூன்றாம் தரப்புக் குக்கி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஒருவரை நான் கண்டதில்லை. என் உவமையை எடுத்து எனக்கே பாடம் நடத்திவிட்டா. நான் அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அப்படியென்றால் சைக்கிள் நிலையத்துக்காரர் தன் வளவுக்குள்ளேயே கச்சான்காரிக்கும் ஒரு மேசை போட இடம் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கோ, அவவும் தன் பங்குக்கு ஒரு துண்டு தருவா, அதே கச்சான்காரி ஐஸ்கிறீம் கடை வாசலிலும் மேசை போட்டிருக்கிறா, தேர்முட்டியடியிலும் போட்டிருக்கிறா என்று முக்கால் மணித்தியாலம் நல்லூரைச் சுற்றினேன். சூரன்போர் வரைக்கும் போனதாக மனைவி சொல்லுகிறா. திரும்பிப் பார்த்தால் படிவம் காலாவதி. முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. பெட்டி மறுபடியும் வந்து குக்கி தரட்டோ என்றது.

மாமி அதைப் பார்க்காமல் போனை நீட்டினா. பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதாக அதில் ஓர் அறிவித்தல்.

“முகிலுக்கை ஏன் போட்டவை?”

அடுத்த சனிக்கிழமை சொல்லுகிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை நாளைக்கு. உழுந்து ஊறப்போட்டாச்சு, மூன்று மணிக்கு வாங்கோ என்று மாமி போன் எடுத்துச் சொல்லிவிட்டா. முகிலுக்கு நல்ல உவமை கைவசம் இருக்கிறவர்கள் அதற்கு முன் எனக்குச் சொல்லியனுப்புங்கள். நல்லூர் வேண்டாம்.