சுவரில் புலம், கணக்கில் சுழி

கேள்வி: பெட்டிக்கு வெளியே மின்னூட்டம், சுவரெல்லாம் மின்புலம். ஆனாலும் காஸ் விதிப்படி பெட்டியின் மொத்த மின்பாயம் சுழியாம். காஸ் கோட்டை விட்டாரா?

பதில்: அவர் விடவில்லை. சுவரில் புலம் இருப்பது வேறு, நிகரப் பாயம் இருப்பது வேறு. உள்ளே நுழையும் புலக்கோடு கழித்தல், வெளியேறுவது கூட்டல். பந்தி முடிந்ததென்று தெரிந்ததும் பின்வாசலில் நழுவும் கல்யாணக் கூட்டம் மாதிரி, மண்டபத்தில் மிச்சம் யாருமில்லை. கிட்டத்துச் சுவரில் புலம் வலுவாயிற்றே, எப்படிச் சரிக்கட்டும் என்பீர்கள். மின்னூட்டத்திலிருந்து ஒரு கூம்பு வரையுங்கள்: தூரம் 2 மடங்கானால் புலம் 1/4, கூம்பின் குறுக்குப்பரப்போ 4 மடங்கு, பெருக்கினால் அதே பாயம். புலம் தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறைந்திருந்தால் கணக்கு உதைத்திருக்கும். அதே மின்னூட்டத்தைக் கனசதுரத்தின் நட்டநடுவில் வைத்தால் முகத்துக்கு 1/6 பங்கு. மூலைப்பக்கம் நகர்த்தினால் பங்குதான் மாறும். உள்ளே இருக்கும்வரை மொத்தம் அசையாது.