தாமதமே இல்லாத ஊர்

2017 நவம்பரில் ஜப்பானின் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் 20 நொடி முன்னதாகக் கிளம்பிவிட்டதாம். நிர்வாகமே மன்னிப்பு கேட்டது. நம்மூர்ப் பக்கம், வில்லியனூர் வழியாக விழுப்புரம்–புதுச்சேரி ரயில் 1879-லிருந்து ஓடுகிறது. முந்திக் கிளம்பியதென்று இங்கே யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை. புதுச்சேரியின் பாகூருக்கோ ரயிலே கிடையாது. அதனால் தாமதமும் கிடையாது.

ஜப்பானில் ஊர்ப்புற பஸ் பலவற்றில் பின்வாசலில் ஏறி, எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது முன்னாலுள்ள பலகையைப் பார்த்துக் காசு போட வேண்டும். புது ஆள் திணறிப்போவார். பாகூர் பஸ்ஸில் அந்தக் கஷ்டமில்லை. "எங்கண்ணே எறங்கணும்?" என்பார் கண்டக்டர். பதிலை மொத்த பஸ்ஸும் சொல்லும். யார் வீடு, என்ன விசேஷம் என்பது உட்பட. தெருமுனையில் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருவர் ஓடி வந்தால் விசில் அடித்து நிறுத்துவார்கள். புல்லட் ரயில் நிற்குமா?