கரடி கடத்திய கதை

அணுகுண்டும் விமானந்தாங்கிக் கப்பலும் வைத்திருக்கிற அமெரிக்கா, தன் வடக்கு எல்லையில் கார் டிக்கிகளைத் திறந்து கரடி பொம்மை தேடிக்கொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். வருஷம் 1998. கடத்தியவர்கள் தாதாக்கள் இல்லை, சாதாரண ஜனங்கள்!

எல்லாவற்றுக்கும் காரணம் சிகாகோ பக்கத்து ஆசாமி ஒருவர், டை வார்னர். கம்பெனிக்கு வைத்த பெயர் ‘டை’. பொம்மையின் காதில் தொங்கிய இதய வடிவ அட்டையிலும் ‘டை’. அவ்வளவு அடக்கம்! 1990களில் அவர் கொண்டுவந்த ‘பீனி பேபி’, பஞ்சைக் குறைத்து பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டித் தைத்த உள்ளங்கை சைஸ் பொம்மை. விலை சுமார் 5 டாலர். குழந்தைகள் வாங்கினார்கள். அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. அப்பா அம்மாக்களும் வாங்க ஆரம்பித்தார்கள்.

வார்னரின் மூளை அங்கேதான் வேலை செய்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு கிடையாது, சின்ன கிஃப்ட் ஷாப்களுக்கு மட்டும்தான். அதுவும் அளந்து. திடீரென்று ஒரு நாள் ‘இந்தப் பன்றிக்கு ரிட்டயர்மென்ட்’ என்று அறிவிப்பார். பென்ஷன் பன்றிக்கு இல்லை, வைத்திருப்பவருக்கு! 5 டாலர் பொம்மை பத்து மடங்கு, இருபது மடங்கு என்று எகிறும். மோகம் உச்சத்தில் இருந்தபோது ஈபே தளத்தின் விற்பனையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இந்தப் பொம்மைகள்தான். இன்றைய கிரிப்டோ குரூப்களின் மூதாதையர்கள் துணிக்கரடியை பிளாஸ்டிக் டப்பாவில் பூட்டி வைத்து, ‘பையன் காலேஜ் ஃபீஸுக்கு ஆச்சு’ என்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சரி, எல்லை எங்கே வந்தது? வார்னர் நாட்டுக்கு ஒரு கரடி விட்டார் (வேறு அர்த்தத்திலும்தான்). கனடாவுக்கு மட்டும் ‘மேப்பிள்’, நெஞ்சில் கனடா கொடி. பிரிட்டனுக்கு மட்டும் ‘பிரிட்டானியா’. அமெரிக்கக் கடையில் கிடைக்காத ஒரே காரணத்துக்காக மேப்பிள் அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேலும் போனது. போதாக்குறைக்கு கனடா டாலர் படுத்துவிட்டது. 1998 ஆகஸ்டில் ஒரு கனடா டாலருக்கு வெறும் 63 அமெரிக்க சென்ட்! நம்ம ஊர் பர்மா பஜாருக்குச் சிங்கப்பூர் சரக்கு சுமந்துவந்த ‘குருவி’கள் போல, அமெரிக்கக் குருவிகள் வடக்கே பறந்தன.

கணக்கை அவர்கள் பாணியிலேயே போட்டுப் பார்ப்போம். சாதா பொம்மை கனடாவில் 7 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 63 சென்ட் கணக்கில் 4 டாலர் 41 சென்ட். ஊரில் 5 டாலர். ஆக லாபம் 59 சென்ட்! இதில் பெட்ரோல், பாலத்துக்கு டோல், வழியில் ஒரு காபி. செலாவணி வித்தியாசத்தில் நிச்சயமாகச் சம்பாதித்தது டோல்கேட்தான். மேப்பிள் மாட்டினால்தான் மனிதனுக்குக் காசு.

அதற்கும் சுங்கத்துறை குறுக்கே நின்றது. வார்னரின் டிரேட்மார்க் சட்டப்படி பதிவானது. அதனால் வெளிநாட்டில் வாங்கும் பொம்மை அப்போது சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 30 நாளைக்கு ஒருமுறை. மூன்று மாமியார்களை ஏற்றிக்கொண்டு போனாலொழிய தொழில் கட்டுப்படியாகாது.

சாதாரண ஜனம் மாட்டினால் சரி, மகாராணியே மாட்டினால்? ஷார்லீன் பார்ஷெஃப்ஸ்கி. கிளின்டன் அரசின் வர்த்தகப் பிரதிநிதி, கேபினட் அந்தஸ்து. ‘எங்கள் டிரேட்மார்க்கை மதியுங்கள்’ என்று சீனாவோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர். 1998 கோடையில் ஜனாதிபதியோடு பெய்ஜிங் போனவர், அங்கே பீனி பேபிகளைக் கண்டதும் டஜன் கணக்கில் அள்ளிவிட்டார். ஊர் திரும்பியதும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன: டிரேட்மார்க் அம்மையாரே டிரேட்மார்க் விதியை மீறிவிட்டாரா! பொம்மைகளை ஒப்படைத்தார், பாவம். மறுவருஷம் சீனாவோடு உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தத்தையே பேசி முடித்தார். அங்கே அவர் விட்டுக்கொடுக்கவில்லை, பொம்மையைத்தான் விட்டுக்கொடுத்தார்.

1999-இல் வார்னருக்கு ஒரு யோசனை. ‘டிசம்பர் 31-உடன் எல்லா பொம்மைகளும் ரிட்டயர்’ என்றார். கடைசிக் கரடிக்குப் பெயர் ‘தி எண்ட்’. ஜனம் அலறியது. பிறகு, ‘தொடரலாமா வேண்டாமா, வோட்டுப் போடுங்கள்’ என்றார். ஒரு வோட்டுக்கு 50 சென்ட் கட்டணம்! வோட்டுக்குக் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறோம், வாங்கியவர் இவர்தான். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ‘தொடருங்கள்’. அவர் தொடர்ந்தார். விலைதான் தொடரவில்லை. சரக்கு குவிந்திருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்துவிட்டது.

குருவிகள் சென்ட் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், முதலாளி எந்த எல்லையைத் தாண்டினார் தெரியுமா? 1996-லேயே ரகசியமாக சுவிட்சர்லாந்தின் யு.பி.எஸ். வங்கியில் கணக்கு திறந்துவிட்டார். அந்த வருமானத்தை அமெரிக்க வரித்துறைக்குச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பொம்மை என்ற கட்டுப்பாடு பணத்துக்கு இல்லையே! 2013-இல் வரி ஏய்ப்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 5 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டினார். அடுத்த வருஷம் கிடைத்த தண்டனை, இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும் 500 மணி நேர சமூக சேவையும். ஜெயில் கிடையாது.

உங்கள் அமெரிக்க உறவினர் வீட்டுப் பரணில் அந்தக் கரடிகள் இன்னும் டப்பாவோடு இருக்கலாம். அடுத்த தடவை அவர் ஊருக்கு வரும்போது குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். விலை பேச வேண்டிய அவசியம் இருக்காது.