வட்டியும் குட்டியும்

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை. தமிழ் மீடியம் பள்ளியின் கணக்கு வாத்தியார் பருப்பு வடையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அட்டைப்பெட்டியுமாக எதிரே வந்து உட்காருகிறார் அவருடைய பழைய மாணவர். இப்போது கடன் கம்பெனி ஒன்றின் ஃபீல்ட் ஆபீசர். ஊரில் அவருக்குப் பேர் 'தவணைத் தம்பி'.

தம்பி: வணக்கமுங்க சார். ஒரு சின்ன உதவி. நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு நோட்டு லேபிள் கொண்டாந்திருக்கேன். ஒரு பைசா வேண்டாம், இலவசம்.

வாத்தியார்: இலவசமா? பென்சில் சீவின தூளைக்கூட அடுத்தவனுக்குக் குடுக்காத பய நீ. காட்டு பார்க்கலாம்.

(கண்ணாடியை ஏற்றிக்கொண்டு லேபிளைப் பார்க்கிறார். இடது பக்கம் ஒரு யானைக்குட்டி, தும்பிக்கையில் நோட்டுக்கட்டு. அதன் முதுகில் புது சைக்கிளோடு ஒரு பையன். மேலே கொட்டை எழுத்தில்: 'அம்மா, ஒரு மிஸ்டு கால் போதும்!' கீழே பெயர், வகுப்பு, பாடம் எழுத மூன்று கோடு. பள்ளியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கம்பெனியின் டோல்ஃப்ரீ நம்பர். ஓரத்தில் கடுகு போல ஒரு வரி: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'.)

வாத்தியார்: யானைக்குட்டி நல்லாத்தான் இருக்குது. இது எதுக்குப்பா?

தம்பி: அது பெரிய கதைங்க சார். மொதல்ல ஒரு நடிகரைப் போடறதாத்தான் இருந்துச்சு. 2022ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதல் கொண்டாந்துட்டாங்க. குழந்தைங்க வாங்க முடியாத பொருளுக்கு, குழந்தைங்களைப் பார்த்துப் பேசற விளம்பரத்துல சினிமாக்காரங்க, விளையாட்டுக்காரங்க, பாட்டுக்காரங்க வரக் கூடாதாம். யானைக்குட்டி இந்த மூணுலயும் சேராது பாருங்க!

வாத்தியார்: சட்டத்தை மீறலை, சட்டத்துக்குப் பக்கத்துல யானையைக் கட்டியிருக்கீங்க. சரி, குழந்தை கடன் வாங்குமா?

தம்பி: சிவ சிவா! பதினெட்டு வயசு முடியாம நாங்க ஒரு ரூபா குடுக்க மாட்டோம். சட்டம் தெரிஞ்ச கம்பெனிங்க சார்.

வாத்தியார்: அந்தச் சட்டம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? 1895ல கல்கத்தாவுல தர்மதாஸ் கோஷ்னு மைனர் பையன் ஒருத்தன் வீட்டை அடமானம் வெச்சு இருபதாயிரம் ரூபாய்க்கு எழுதிக் குடுத்தான். வாங்கினது ஒரு வட்டிக்காரர். லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1903ல தீர்ப்பு வந்துச்சு: மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது. சட்டக் கல்லூரியில இன்னைக்கும் பாடம் எடுக்கற வழக்கு அது. உங்க தொழில்காரர் ஒருத்தர் கெட்டதால நாட்டுக்குக் கெடச்ச தீர்ப்பு.

தம்பி: அதைத்தாங்க நானும் சொல்றேன். குழந்தை கையெழுத்துப் போட முடியாது. அப்ப விளம்பரத்தைப் பார்த்தா என்ன நஷ்டம்?

வாத்தியார்: அந்தக் கேள்வியை உங்க முதலாளிகிட்டக் கேளு. வாங்கவே முடியாத ஆளுக்கு விளம்பரம் போட்டா நஷ்டம் அவருக்குத்தானே? நஷ்டத்துக்கு அச்சடிக்கிற ஆளா அவரு?

தம்பி: (குரலைத் தாழ்த்தி) ட்ரெய்னிங்லயே சொல்லிக் குடுத்தாங்க சார். அம்மாகிட்ட நாம பேசினா பத்து நிமிசத்துல கதவைச் சாத்திடுவாங்க. பிள்ளை பேசினா சாத்த முடியாது. ராத்திரி சோறு போடறப்பவும் பேசும்.

வாத்தியார்: பலே! சம்பளம் இல்லாத ஏஜென்ட். பி.எஃப். கிடையாது, இன்சென்டிவ் கிடையாது, லேபிள் மட்டும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துலகூட இது வராது.

தம்பி: நீங்க எல்லாத்தையும் தப்பாவே பார்க்கறீங்க. இது நிதிக் கல்விங்க சார். சஞ்சயிகாவுல பிள்ளைங்களுக்குச் சேமிக்கச் சொல்லிக் குடுக்கலையா? அதே மாதிரி கடனும் பழக வேண்டாமா?

வாத்தியார்: நல்லது, கல்வின்னு சொல்லிட்டே. வா, பாடத்தை எடுப்போம். உங்க தினத் தவணைத் திட்டம் என்ன?

தம்பி: ரொம்ப எளிசுங்க. பத்தாயிரம் கடன். ஆயிரத்து ஐநூறு மொதல்லயே புடிச்சுக்குவோம். கையில 8,500. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். வட்டி வெறும் 15 சதவீதம்.

வாத்தியார்: எங்கிட்ட கணக்குல எத்தனை மார்க் வாங்கினே?

தம்பி: அதை எதுக்குங்க இப்ப...

வாத்தியார்: ஐம்பதாவது நாள் பாதிக் கடன் தீர்ந்துபோச்சு. தொண்ணூறாவது நாள் ஆயிரம்தான் பாக்கி. அப்ப நூறு நாளும் அந்த அம்மா கையில 8,500 இருக்கலை. சராசரியாப் பார்த்தா நாளுக்கு 4,500 சொச்சம்தான். அதுக்கு நூறு நாள்ல குடுத்த வட்டி 1,500. மூணுல ஒரு பங்கு! வருசத்துக்குப் போட்டா 121 சதவீதம். பத்து வட்டிக்காரன்கூட உன்னைப் பார்த்துக் கும்பிடுவான்.

தம்பி: பத்து வட்டிக்கு வருசம் 120 தானுங்களே?

வாத்தியார்: அதான் சொன்னேன். ஒரு சதவீதம் நீ முன்னாடி நிக்கிறே.

தம்பி: எங்களைச் சொல்றீங்களே, செயலிக்காரங்களைப் பாருங்க சார். 5,000 கேட்டா 3,500 போடறாங்க, ஏழே நாள்ல 5,000 திருப்பிக் கேக்கறாங்க.

வாத்தியார்: அது வருசத்துக்கு 2,200 சதவீதத்தைத் தாண்டுது. 2021ல ரிசர்வ் வங்கிக் குழு தேடிப் பார்த்தப்ப ஏறக்குறைய 1,100 கடன் செயலி. அதுல 600 சட்டவிரோதம். கட்டாதவங்க போட்டோவை மார்பிங் பண்ணிச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பற கூட்டம் அது. அவங்களைக் காட்டித்தான் நீ நல்லவனாக வேண்டியிருக்கு.

தம்பி: கடன் வாங்கறது தப்பாங்க சார்? ஏழுமலையானே கல்யாணத்துக்குக் குபேரன்கிட்டக் கடன் வாங்கினவரு!

வாத்தியார்: வாங்கினாரு. இன்னும் வட்டிதான் கட்டறாருன்னு கதை. உண்டியல்ல இத்தனை கொட்டியும் அசல் தீரலை. கடவுளுக்கே அந்தக் கதின்னா கஞ்சிக்கோடு கம்பெனியில லோடு ஏத்தறவன் கதி? இதைவிட நல்ல எச்சரிக்கை விளம்பரம் உங்களுக்குக் கிடைக்காது, லேபிள்ல அச்சடிச்சுக்க. கேரளா போலீஸ் 2014ல கந்துவட்டிப் பிளேடுக்காரங்களைப் புடிக்கக் கெளம்பினப்ப வெச்ச பேரும் 'ஆபரேஷன் குபேரா'தான்.

தம்பி: நம்மூரு பார்டர்ங்க சார். லாட்டரி அந்தப் பக்கம் 2003லயே தடை. இந்தப் பக்கம் அரசாங்கமே விக்குது. பொள்ளாச்சிக்காரங்க பஸ் ஏறி வந்து வாங்கிட்டுப் போறாங்க. அங்க தப்பு, இங்க சரி. விளம்பரமும் அப்படித்தான்.

வாத்தியார்: லாட்டரி வாங்க செக்போஸ்ட்டாவது தாண்டணும். உங்க விளம்பரம் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், போடிமெட்டு, குமுளி எங்கயும் நிக்காம நேரா போன்ல வந்து எறங்குது. அதுவும் போக, கந்துவட்டியில ரெண்டு பக்கமும் ஒரே பேச்சு. தமிழ்நாடு 2003லயே தடைச் சட்டம் போட்டுச்சு, கேரளா 2012ல. கொள்ளை வட்டி ரெண்டு ஊர்லயும் குற்றம்.

தம்பி: போன்ல பிள்ளைங்களைக் குறிவெச்சு விளம்பரம் காட்டக் கூடாதுன்னு 2023ல தகவல் பாதுகாப்புச் சட்டத்துலயே எழுதியாச்சே. அப்பறம் என்ன கவலை?

வாத்தியார்: எழுதியாச்சு. ஆனா மூணாறு எஸ்டேட் லயத்துல போன் யார் பேர்ல இருக்கு?

தம்பி: அம்மா பேர்லங்க.

வாத்தியார்: யூடியூப்ல கார்ட்டூன் பார்க்கறது?

தம்பி: பிள்ளைங்க.

வாத்தியார்: அப்ப விளம்பரம் அம்மாவுக்குப் போகுது, கண்ணு பிள்ளையோடது. சட்டத்துக்கும் மனசு நிறைஞ்சுது, உங்களுக்கும் வியாபாரம் நிறைஞ்சுது.

தம்பி: மூணாறுன்னதும் ஞாபகம் வருது. அடுத்த மாசம் எனக்கு அங்கதான் மாத்தல். எஸ்டேட் லைன்ல தினத் தவணைக்கு நல்ல ஸ்கோப்பாம்.

வாத்தியார்: இருக்கும். 2015ல பெண்பிள்ளை ஒருமைன்னு தோட்டத்துப் பொம்பளைங்க ரோட்ல உக்காந்தாங்களே, அப்ப நாள் கூலி 232 ரூபாய். ஐநூறு கேட்டாங்க. மூணாறே நின்னுபோச்சு. கடைசியில 301 ஆச்சு. ஏறினது 69 ரூபாய். உன் தவணை நாளுக்கு நூறு. மாநிலமே திரும்பிப் பார்த்த போராட்டத்துல வாங்கினதைவிட, ஒரு மிஸ்டு கால்ல போறது அதிகம்.

(தம்பி டீயை ஆற்றுகிறார்.)

வாத்தியார்: ஒண்ணு கேக்கறேன். வசூலுக்குப் போறியே, கதவை யாரு தொறப்பாங்க?

தம்பி: பெரும்பாலும் பிள்ளைங்கதான். "அம்மா வீட்ல இல்ல"ம்பாங்க. சொல்றப்பவே கண்ணு பின்பக்கம் போகும். அம்மா அடுப்படியில நிக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும். வாசல்ல செருப்பு கெடக்கும்.

வாத்தியார்: கடனைக் கேக்க வெக்கறதும் அந்தப் பிள்ளை. கடன்காரனுக்குப் பொய் சொல்ல நிக்கறதும் அந்தப் பிள்ளை. நடுவுல பணத்தைக் கண்ணால பார்க்காததும் அந்தப் பிள்ளை. நிதிக் கல்வின்னியே, முழுப் பாடமும் இதுதானா?

தம்பி: எங்களை மட்டும் ஏனுங்க சார் புடிக்கறீங்க? பிள்ளைங்களைக் கெடுக்கறது உலகத்துல எத்தனையோ இருக்கு.

வாத்தியார்: இருக்கு. ஒவ்வொண்ணாப் புடிச்சாச்சு. பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜத்துக்குள்ள பீடி, சிகரெட் விக்கக் கூடாதுன்னு 2003லயே சட்டம். எண்ணெய்யும் உப்பும் சர்க்கரையும் மிஞ்சின தீனியை ஐம்பது மீட்டருக்குள்ள விக்கவும் கூடாது, விளம்பரம் பண்ணவும் கூடாதுன்னு 2020ல விதி. பணம் வெச்சு ஆடற ஆன்லைன் விளையாட்டுக்கு விளம்பரமே கூடாதுன்னு 2025ல சட்டம். சிப்ஸ் பாக்கெட் அம்பது மீட்டர் தள்ளி நிக்குது. 121 சதவீத வட்டி மட்டும் நோட்டு மேலயே ஒட்டிக்கிட்டு வகுப்புக்குள்ள வருது.

தம்பி: வெளிநாட்டுல இதையெல்லாம் கண்டுக்க மாட்டாங்க சார்.

வாத்தியார்: இங்கிலாந்துல வோங்கான்னு ஒரு கம்பெனி. தாத்தா பாட்டி பொம்மைங்களை வெச்சு டி.வி.யில விளம்பரம். விளம்பரத்துல போட்ட ஆண்டு வட்டி 5,853 சதவீதம். நாலு முதல் பதினஞ்சு வயசுப் பிள்ளைங்க சராசரியா ஆளுக்கு எழுபது குறுங்கடன் விளம்பரம் 2012ல மட்டும் பார்த்திருக்காங்கன்னு அங்க ஒளிபரப்பைக் கவனிக்கிற ஆப்காம் கணக்குச் சொல்லுச்சு. ஊரே கூச்சல் போட்டப்பறம் 2014ல பொம்மைங்களை நிறுத்தினாங்க. நியூகாசில் கால்பந்து அணி சட்டையில, குழந்தைங்க போடற அளவுல மட்டும் தங்க பேரை எடுத்துடறதாவும் சொன்னாங்க. அடுத்த வருசமே வட்டிக்கு உச்சவரம்பு வந்துச்சு. 2018ல கம்பெனி திவால்.

தம்பி: பொம்மையை எடுத்ததாலயா?

வாத்தியார்: இல்ல. வட்டிக்கு வரம்பு வந்துச்சு, ஏமாந்தவங்க நஷ்டஈடு கேட்டு வந்தாங்க. கணக்கு வெளிச்சத்துக்கு வந்தா பொம்மையால காப்பாத்த முடியாது. யானைக்குட்டியாலயும்தான்.

தம்பி: அப்ப அவசரத்துக்கு ஏழைங்க எங்கதாங்க போவாங்க? பேங்க்ல உக்காரவே வெக்க மாட்டாங்க.

வாத்தியார்: இது நியாயமான கேள்வி. நீ எங்க போனே?

தம்பி: நானா?

வாத்தியார்: போன மழைக்கு வீட்டு ஓடு மாத்தினியே, உங்க கம்பெனியிலயா வாங்கினே?

தம்பி: (அக்கம்பக்கம் பார்த்துவிட்டு) அங்க வாங்கினா கட்டுப்படியாகுங்களா சார்? அம்மா குடும்பஸ்ரீ மகளிர் குழுவுல இருக்காங்க. அவங்க 'முற்றத்து முல்லை' கடன் திட்டத்துல எடுத்தோம். வருசத்துக்கு 12 சதவீதம். வீட்டு வாசல்லயே வந்து வாங்கிக்கறாங்க.

வாத்தியார்: நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய். பிளேடுக்காரங்ககிட்டேருந்து ஜனங்களை மீட்க 2018ல இந்தப் பாலக்காடு மாவட்டத்துலதான் அதைத் தொடங்கினாங்க. கூட்டுறவு வங்கிப் பணம், குடும்பஸ்ரீ கை. அதுக்கு எங்கயாச்சும் யானைக்குட்டி பார்த்தியா?

தம்பி: இல்லைங்க. பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒரு நோட்டீஸ் பார்த்த ஞாபகம்.

வாத்தியார்: 12 சதவீதத்துக்குச் சுவத்துல நோட்டீஸ் போதும். 121க்குத்தான் யானை வேணும்.

தம்பி: சரிங்க சார், கடைசியாக் கேக்கறேன். லேபிளை வாங்கிக்குவீங்களா மாட்டீங்களா?

வாத்தியார்: வாங்கிக்கறேன், ஒரே நிபந்தனை. எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவுன்னு கடன் வாங்கறவங்களுக்குத் தனித்தாள்ல காட்டணும்னு 2024லயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு. அந்த 121ஐ இந்த லேபிள்லயும் போடு. யானை எவ்வளவு பெரிசோ எழுத்தும் அவ்வளவு பெரிசு.

தம்பி: அப்படிப் போட்டா யாருங்க சார் கடன் வாங்குவாங்க?

வாத்தியார்: இதைத்தான் நான் மொதல்லேருந்து கேக்கறேன், பதிலை நீயே சொல்லிட்டே. கணக்குத் தெரிஞ்சா பெரியவங்க வாங்க மாட்டாங்க. அதனாலதான் சதவீதமே இன்னும் படிக்காத பிள்ளைங்ககிட்ட வர்றே. பெட்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. டீக்கு நான் குடுத்துக்கறேன், தவணை வேண்டாம்.

பள்ளி திறந்ததும் பி.டி.ஏ. கூட்டம் கூடும். குடை, லேபிள், டைம்டேபிள் அட்டை என்று எந்த வடிவில் வந்தாலும் கடன் கம்பெனி விளம்பரத்தைப் பள்ளி வாசலுக்குள் விடுவதில்லை என்று அங்கே ஒரு வரித் தீர்மானம் போடுங்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. வீட்டில் பிள்ளை கையில் தரும் போனில் கடன் செயலி இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். ஏற்கெனவே சிக்கி, மிரட்டல் வருகிறது என்றால் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.