எமனுக்கு எதுக்குத் தம்பி லீவு?

இன்னா தம்பி, ரோட்டுல சாவே இல்லாத ஊரு ஒலகத்துல உண்டான்னு கேக்குற. இருக்குதே, பின்லாந்துல ஹெல்சிங்கின்னு ஒண்ணு. 2024 ஜூலைல இருந்து 2025 ஜூலை வரைக்கும் ஒருத்தன் கூட ரோட்டுல சாவலியாம். ஏறக்குறைய 7 லட்சம் ஜனம்! இன்னா மந்திரம்னு பாத்தா, பாதிக்கு மேல தெருவுல 30 கிலோமீட்டர் வேகம்தான். மீறுனா கேமரா. சோம்பேறிப் பசங்க. நீ அப்படி ஆயிடாத.

நம்மாளுங்க மட்டும் இளைச்சவங்களா? 2024 ஆகஸ்ட் 26-ஐ விபத்தில்லா நாளுன்னு சென்னை டிராபிக் போலீஸ் அறிவிச்சுது. ஒரே ஒரு நாளு. 2022-ல தமிழ்நாட்டுல 17,884 பேரு, நாளுக்கு 49 உசுரு, ரோட்டுலயே போச்சு. அவ்ளோ வேலை பாக்குறவனுக்கு ஒரு நாளு லீவு நியாயம்தான். ஆனா ஓஎம்ஆர் ரோட்டுல இருக்கற நம்ம நாவலூரு, தாம்பரம் போலீஸ் கமிஷனர் எல்லை. லீவுல இருக்கறவன் இந்தப் பக்கம் வந்துட்டா யார கேக்கறது?

ஓஎம்ஆர்ல வண்டிங்க நின்னு போன எடம் ஒண்ணு இருந்துச்சு, நம்மூரு டோல்கேட்டு. உசுருக்கு நிக்காதவன் சில்லறைக்கு நின்னான். 2023 அக்டோபர்ல அந்த வசூலயும் நிறுத்திட்டாங்க. இப்போ எங்க வூட்டுக் கெழவி ஆறு வழி ரோட்ட தாண்டணும்னா குலசாமிக்கு வேண்டிக்கினுதான் எறங்குது.

யு-டர்ன் தூரம்னு சர்வீஸ் ரோட்டுல எதிர்ல வர்ற பாரு, ரொம்ப நல்ல பழக்கம். அதுல ரெண்டு நிமிஷம் மிச்சம் புடிச்சு, டீக்கடையில முக்கா மணி நேரம் நிக்கற. தண்ணி லாரிக்காரனுக்கும் பிரேக்கு சரியா கீதான்னு தெரிஞ்சுடும்.

வுழுந்தா? பயப்படாத. 2021-லயே மேல்மருவத்தூர்ல 'நம்மைக் காக்கும் 48' ஆரம்பிச்சாங்க. மொத 48 மணி நேரம் சர்க்கார் செலவுல வைத்தியம். கையெடுத்துக் கும்பிடணும், அதுல நக்கல் இல்ல. ஆனா மனுசன் தப்பு பண்ணத்தான் செய்வான், அதுக்காக அவன் சாவக் கூடாது, ரோட்ட மாத்துன்னு ஸ்வீடன் பார்லிமெண்டு 1997-லயே முடிவு பண்ணிடுச்சு. நம்ம ரோட்டயும் மாத்தத்தான் செய்யறாங்க, அகலமாக்கி. அகலமானா நீ மெதுவாவா போவ?

சரி, லேட்டாவுது, கெளம்பு. முழங்கையில மாட்டியிருக்கற ஹெல்மெட்ட மட்டும் குடுத்துட்டுப் போ. ஒரு டஜன் முட்ட வாங்கணும், ஒடையாம வூடு வந்து சேரணும்.